பேசாத எருமை

அந்தப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் வெண்ணெய் வாசம்தான் அடிக்கும். ஊத்துக்குளியிலிருந்து வாரம் ஒருமுறை பாசஞ்சர் ரயிலில் வெண்ணெய்த் தூக்குகளோடு திருப்பூருக்கு வரும் எங்கள் மாமா, பெட்டிக்குள் சிறுவர் புத்தகங்கள் விற்றுக்கொண்டு வந்த ஒருவரிடம், அட்டையில் இருந்த எருமையின் படத்தில் மயங்கி அதை வாங்கி, வெண்ணெய் படிந்த விரல்களாலேயே வழியெல்லாம் புரட்டிக்கொண்டு வந்திருந்தார். விரல் பட்ட இடங்களில் தாள் எண்ணெய்க் காகிதம்போல் ஆகிவிட்டதால், அடுத்த பக்கத்து ஆற்றின் நீலம் முந்தின பக்கத்து வறண்ட குளத்திலேயே மங்கலாகத் தெரியும். "நம்மூட்டு எருமையாட்டவே இருக்குது பாரு கண்ணு" என்று என்னிடம் சொன்னவர், புத்தகத்தை என் கையில் கொடுக்காமல் என் தங்கை தெய்வானையின் மடியில் வைத்தார். அவள் அட்டையை முகர்ந்தாள். பிறகு மாமாவின் கையை முகர்ந்தாள். இரண்டும் ஒரே வாசம் என்று கண்டுகொண்டு சிரித்தாள்.

எங்கள் வீட்டில் அதற்கு "எருமைப் பொஸ்தகம்" என்றுதான் பெயர். அந்தப் புத்தகம் இப்போது அனிமேஷன் படமாகி வந்திருக்கிறது. சிறுவர் மாத இதழ் நடத்தும் நண்பர் ஒருவர், படத்தைப் பார்த்துவிட்டு ஒரு விமர்சனம் எழுதித் தரும்படி கேட்டார். போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் யாழினியை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். எழுத உட்கார்ந்தபோது விமர்சனம் வரவில்லை, இதுதான் வந்தது.

கதை மிகவும் எளியது. மழை பெய்யாத ஒரு கோடையில், வயதான எருமை ஒன்று தண்ணீர் தேடிப் புறப்படுகிறது. அதன் முதுகில் ஒரு மைனா. கிணறு வற்றியிருக்கிறது, குளம் வெடித்திருக்கிறது, நடந்து நடந்து எருமை ஓரிடத்தில் படுத்துவிடுகிறது. மைனா பறந்துபோய் ஆற்றைக் கண்டுபிடித்து வந்து அதை எழுப்பிக் கூட்டிப்போகிறது. கடைசிப் பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் எருமை; அதன் கொம்பில் மைனா. பக்கத்துக்கு ஒரு வரிதான் எழுத்து, அந்த வரியும் மைனா பேசுவதாகவே இருக்கும். எருமை புத்தகம் முழுக்க ஒரு வார்த்தை பேசாது. அதன் காதுகள் சொல்லும், வால் சொல்லும், கரிய மையில் பட்டைத் தூரிகையால் வரைந்த அந்த முகத்தில் இருந்த இரண்டு வெள்ளைக் கண்கள் சொல்லும்.

தெய்வானைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. என்னைவிட மூன்று வயது இளையவள். அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், அம்மா அதே கம்பெனியில் தைத்த துணியின் பிசிறு வெட்டிச் சரிபார்க்கும் "செக்கிங்" வேலை. இருவரும் விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவார்கள். ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய "லைன் ஊடு"களில் எங்களுடையது கடைசி. பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்வரை தெய்வானை பக்கத்து வீட்டு அக்காவின் பார்வையில் வாசலில் உட்கார்ந்திருப்பாள். லைனில் எங்கள் வீட்டை "ஊமைப் புள்ள ஊடு" என்றுதான் அடையாளம் சொல்வார்கள். அதில் பகையொன்றும் இல்லை, ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கேட்காதே என்று எனக்கு நிம்மதியாக இருக்கும்.

சாப்பிட வா, தூங்கு, வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் காட்டுகிற நாலைந்து கைஜாடைகளைத் தவிர அவளோடு பேச எங்களுக்கு வழியே இருந்ததில்லை. புத்தகம் வந்த பிறகுதான் பேச்சு பிறந்தது. நான் மைனாவின் வரியைப் படித்துவிட்டு, அதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கண்ணைச் சுற்றி ஒரு விரலால் வட்டம் போட்டேன், மைனாவின் மஞ்சள் வளையம்போல. அவள் உடனே இரண்டு கைகளையும் தலையின் இருபுறமும் வைத்துப் பின்னோக்கி வளைத்து எருமையானாள். அன்றிலிருந்து நான் மைனா, அவள் எருமை. உலர்ந்த உதட்டின்மேல் கட்டைவிரலை இழுத்தால் தண்ணீர். உள்ளங்கையை உள்ளங்கையில் தேய்த்தால் வறட்சி. கொம்பு வைத்த தலையை அப்படியே ஒருபக்கம் சாய்த்தால் எருமை படுத்துவிட்டது என்று பொருள்.

படங்களுக்கென்று பிறந்த அந்தச் சொற்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தகத்தை விட்டு வெளியே வந்தன. வறட்சி என்பது தட்டில் சோறு தீர்ந்ததற்கும், வாசலில் விளையாட ஆளில்லாததற்கும் ஆயிற்று. எருமை படுத்துவிட்டது என்றால் காய்ச்சல், வயிற்றுவலி, என்னால் எழுந்திருக்க முடியவில்லை, என்னைப் பார். வலது பாதத்தைத் தரையில் அழுத்தி இரண்டு கைகளாலும் துணியை முன்னே தள்ளினால் அப்பா. உள்ளங்கையை முகர்ந்தால் மாமா. அம்மா வேலை முடிந்து வந்து, அடுப்பு மூட்டிவிட்டு, நாங்கள் இருவரும் மூலையில் உட்கார்ந்து கைகளை வீசி வீசிச் சிரிப்பதைப் பார்த்து, "என்னமோ பேசிக்கறீங்க, எனக்குத்தான் ஒன்னும் வெளங்கலை" என்பார். ஒரே வீட்டில் இரண்டு மொழிகள் இருந்தன, அதில் ஒன்று எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது என்பதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை.

அவளுக்கு எட்டு வயதானபோது, காது கேளாத பிள்ளைகளைப் பேசவைக்கும் விடுதிப் பள்ளி ஒன்று வெளியூரில் இருப்பதாக அப்பா யாரிடமோ கேட்டு வந்தார். நான் அழுதேன். அவளுக்குப் பேசத் தெரியும், நான்தான் பேசுகிறேனே என்றேன். அப்பா கோபப்படவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நாம இருக்கற வரைக்கும் செரி. அப்பறம் அது யாருகிட்டக் கை காட்டும் சாமி? ஊருல அத்தன பேருக்கும் உன்ற கைப்பேச்சு தெரியுமா?" என்று கேட்டார். இப்போது யோசித்தாலும் அவர் கேட்டது சரிதான் என்றே தோன்றுகிறது. தகரப் பெட்டியில் பாவாடை சட்டைகளுக்கு அடியில் எருமைப் பொஸ்தகத்தையும் வைத்துக்கொண்டு அவள் போனாள்.

அங்கே நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆசிரியையின் தொண்டையில் இவள் கையை வைத்து அதிர்வைக் காட்டி, கண்ணாடி முன் வாயைத் திறக்கவைத்துப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். கைஜாடை காட்டினால் பேச்சு வராது என்பது அந்தப் பள்ளியின் நம்பிக்கை. அதனால் பிள்ளைகள் எந்நேரமும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பொங்கலுக்கு வந்தபோது வாசற்படியில் நின்று, முகமெல்லாம் சிவக்க மூச்சைக் கூட்டி, "அம்...மா" என்றாள். கரகரத்த, ஏற்ற இறக்கம் இல்லாத, யாருடையதோபோன்ற குரல். அம்மா பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டு கதறினார். லைனே கூடிவிட்டது. "இன்னொருக்காச் சொல்லு கண்ணு, இன்னொருக்கா" என்று ஆளாளுக்குக் கேட்க, அவள் களைத்துப்போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் கூட்டத்துக்குள் அவள் என்னைத் தேடுவதைப் பார்த்தேன். கண்ணைச் சுற்றி வட்டம் போட்டேன். அவள் கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டியே இருந்தன. எல்லோரும் கலைந்த பிறகு, பின்பக்கத்துத் துணி துவைக்கும் கல்லருகே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடிதான் கொம்புகளை எடுத்துத் தலையில் வைத்தாள்.

அடுத்த ஐப்பசி மழையில் விடுதியிலிருந்து கம்பெனி போனுக்குச் செய்தி வந்தது. அப்பாவை மிஷினிலிருந்து எழுப்பி அனுப்பினார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குடல்வால் வெடித்து விஷம் பரவிவிட்டது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது விடுதியின் ஆயா ஒருவரும் கூடவே வந்திருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் அந்த அம்மாள் அழுதுகொண்டே ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "முந்தின நாள்ல இருந்தே ரெண்டு கையையும் தலைல வெச்சு வெச்சுச் சாச்சுக் காட்டிட்டே இருந்துச்சுங்க. தலவலியாட்ட இருக்குதுன்னு மாத்தர குடுத்தமுங்க. மறுக்காவும் மறுக்காவும் அதையேதானுங்க காட்டுச்சு. வாயில சொல்லு, வாயில சொல்லுன்னு டீச்சரும் எத்தனையோ கேட்டாங்க."

நான் அம்மாவின் அருகில் நின்றிருந்தேன். என் கைகள் தாமாகவே மேலே போவதை அப்பா பார்த்துவிட்டார். என்னைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். எருமை படுத்துவிட்டது என்றால் என்ன என்று அவருக்குச் சொன்னேன், செய்தும் காட்டினேன். அப்பா அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, "இத உங்கம்மாகிட்டச் சொல்லீராத சாமி. அவ தாங்கமாட்டா" என்றார். நான் சொல்லவில்லை. அப்பா இருந்தவரை சொல்லவில்லை, அவர் போய் இத்தனை வருடங்களாகியும் சொல்லவில்லை. விடுதியிலிருந்து தகரப் பெட்டி வந்தது, புத்தகம் வரவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

படத்துக்கு வருகிறேன். மோசமான படமில்லை. வெடித்த குளத்தையும், வெயிலில் நெளியும் தூரத்து மரங்களையும் அருமையாக வரைந்திருக்கிறார்கள். தொடக்கத்தில் பழைய அட்டைப்படத்தை அப்படியே காட்டியபோது எனக்கு வெண்ணெய் வாசமே அடித்தது. பிறகு எருமை வாயைத் திறந்தது. திறந்த வாயை மூடவேயில்லை. நகைச்சுவையாகப் பேசியது, பாட்டுப் பாடியது, மைனாவோடு சண்டை போட்டது. தியேட்டர் முழுக்கக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், யாழினியும்தான். எருமை படுத்துவிடும் இடத்தில் அது தன் வலியைப் பற்றி உருக்கமாக நீளப் பேசுகிறது; கேட்ட மைனா அழுதுகொண்டே உதவி தேடிப் பறக்கிறது. பின்னணி இசை உயர்கிறது. புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் எழுத்தே கிடையாது. எருமை படுத்திருக்கும், மைனா அதன் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்து பார்க்கும், அவ்வளவுதான். யாரும் அதற்கு எதையும் சொல்லவில்லை. பார்த்ததால் அதற்குத் தெரிந்தது. படத்தை எடுத்தவர்களுக்கு இது புரியவில்லை என்பதைத் தவிர அவர்கள்மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

அந்தக் காட்சியில் என் கைகள் தலைக்குமேல் போயிருந்ததை நான் அறியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் மரியாதையாகத் தோளைத் தொட்டு, "கையக் கொஞ்சம் கீழ எறக்கிக்குங்க, கொழந்தைக்கு மறைக்குதுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் யாழினி ஓடிப்போய் என் அம்மாவிடம் கதை சொல்ல ஆரம்பித்தாள். அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவர், எருமை அடித்த ஜோக்குகளை அவள் சொல்லத் தொடங்கியதும் நிறுத்தினார்.

"எருமை பேசுச்சா?"

"படம் பூராப் பேசுச்சு அம்மாயி."

"அது பேசாத எருமை கண்ணு. உன்ற சித்திக்கு அதனாலதான் அது மேல அத்தன ஆச."

தெய்வானையைப் பற்றி அம்மா தாமாகப் பேசி நான் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று எனக்கே தெரியாது. "எந்தச் சித்தி?" என்று யாழினி கேட்டாள். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு அந்த ஆயா சொன்னாளே, தலைல கைய வெச்சுச் சாச்சுச் சாச்சுக் காட்டுச்சுன்னு. அது தலவலி இல்லீன்னு எனக்கு அப்பவே தெரியும். உன்ற மூஞ்சியப் பாத்தனே. அது என்ன பேச்சு?"

"ஏம்மா இத்தன நாளாக் கேக்கல?"

"கேக்க வேண்டாம்னு உங்கப்பா கையெடுத்துக் கும்பிட்டாரு. புள்ள நொந்துபோகும்னாரு."

என்னிடம் சொல்லாதே என்றும், அம்மாவிடம் கேட்காதே என்றும் இரண்டு பக்கமும் நின்று ஒரு மனிதர் எங்கள் இருவரையும் காத்துவந்திருக்கிறார். நான் சொல்லிவிட்டேன். எருமை படுத்துவிட்டது என்றால் எழுந்திருக்க முடியவில்லை, என்னைப் பார் என்று பொருள் என்றேன்.

அம்மா அழவில்லை. உரித்த வெங்காயத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அப்ப என்ற புள்ள சொல்லித்தான் இருக்குது" என்றார். "சொல்ல முடியாமயே போயிருச்சுன்னுதான் நான் இத்தன காலமும் நெனச்சுட்டு இருந்தேன்."

பிறகு, சட்டென்று ஒரு சிறுமிபோல, "என்னைய எப்பிடிச் சொல்லும்? அம்மாங்கறதுக்கு எப்பிடிக் கை காட்டும்?" என்று கேட்டார்.

அந்த லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது பெரிய குடோன் நிற்கிறது. புத்தகம் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. எங்கள் பேச்சில் எத்தனையோ சொற்கள் இருந்தன. கூடப் பேச ஆளில்லாமல் அவற்றில் பெரும்பாலானவை எப்போது போயின என்றுகூடத் தெரியாமல் போய்விட்டன. அப்பாவுக்கானதைச் செய்துகாட்டினேன், மாமாவுக்கானதைச் செய்துகாட்டினேன். அம்மாவுக்கானது வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன், அவளை எதிரே உட்காரவைத்துப் பார்த்தேன், அவள் கை மேலெழுவதுவரை தெரிந்தது, அதற்குமேல் தெரியவில்லை.

அம்மா காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "அவசரமில்ல கண்ணு, ரோசன பண்ணிச் சொல்லு" என்றார்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன்.