விழாவுக்கு வராத முப்பத்தெட்டுப் பேர்

பல்கலைக்கழகப் பதிவறையில் அவரைத் தேடிப் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது இரண்டு பாதங்கள்தான். இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டுக்கும் தரைக்கும் நடுவே உள்ள சந்தில் அவை தெரியும். குரல் கொடுத்தால் பாதங்கள் நகரும், பிறகு ஆள் வருவார். அலமாரியக்கா என்ற பெயர் அப்படி விழுந்ததுதான். நரைத்த பேராசிரியர்களுக்கும் அவர் அக்காதான்.

மூன்று மாதத்துக்குத் தூசி தட்ட வந்தவர். இருபத்து நாலு வருடம் ஓடிவிட்டது. பள்ளிப் படிப்போடு நின்றவர் என்றாலும், தட்டுகிற பதிவேட்டைப் பிரித்துப் பார்க்காமல் திருப்பி வைக்க அவருக்கு மனசு வராது. பார்த்துப் பார்த்தே, எந்த வருடம் எந்த எழுத்தர் எழுதினார், எந்த வருடம் மட்டமான மை வாங்கினார்கள் என்பதெல்லாம் அத்துப்படி ஆனது. ஊரில் உள்ள பட்டதாரிகள் அத்தனை பேரையும் தன் மனைவிதான் தூசி தட்டி வைத்திருக்கிறாள் என்று, தையல் மெஷினை விட்டு நிமிராமலே கணவர் கிண்டல் செய்வார்.

ஒரு திங்கட்கிழமை கணக்கு டீச்சர் ஒருவர் வந்தார். அந்த வெள்ளிக்கிழமை தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்க வேண்டியவர். சான்றிதழைச் சரிபார்க்கக் கல்வி அலுவலகம் கடிதம் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரில் பட்டதாரிகள் பதிவேட்டில் யாரும் இல்லை என்று இங்கிருந்து பதில் போயிருக்கிறது. வியாழக்கிழமைக்குள் வேறு பதில் வராவிட்டால் பதவி உயர்வு போகும். போலிச் சான்றிதழ் என்று வழக்கும் வரும். டீச்சர் அழவில்லை. இருபத்தைந்து வருடமாக விடைத்தாளில் தப்புக்கு வட்டம் போட்ட கையால் அந்தக் கடிதத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பதிவேட்டை இரண்டு தடவை புரட்டியாயிற்று என்றார் பதிவறைக் கண்காணிப்பாளர். அக்கா சான்றிதழை வாங்கி எண்ணைப் பார்த்தார். ஆயிரத்து நானூற்றுப் பதின்மூன்று. அந்த வருடத்துப் பதிவேட்டில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு இருந்தது. அடுத்த வரி ஆயிரத்து நானூற்றுப் பதினைந்து. விரலை வைத்துக் கடைசிப் பக்கம் வரை போனார். மொத்தம் முப்பத்தெட்டு எண்கள் விட்டுப்போயிருந்தன.

"அச்சடிக்கும்போது வீணாப்போன தாளா இருக்கும்மா," என்றார் கண்காணிப்பாளர். "கள்ள சர்டிபிகேட் அடிக்கிறவன் யாருக்கும் இல்லாத நம்பரத்தானே போடுவான்?"

டீச்சரின் முகம் சிவந்தது. அக்கா உள்ளே போய்த் தடித்த அட்டை போட்ட ஒரு புத்தகத்தோடு வந்தார். வீணான சான்றிதழ்களைச் சிவப்பு மையால் அடித்து அதில் ஒட்டிவைப்பது அலுவலக வழக்கம். அந்த வருடம் பதினொரு தாள் ஒட்டியிருந்தது. முப்பத்தெட்டில் ஒன்றுகூட அங்கே இல்லை.

"வீணாவும் போகல, இங்க கையெழுத்துப் போட்டு வாங்கவும் இல்ல," என்றார். பிறகு டீச்சரிடம் திரும்பினார். "பட்டமளிப்பு விழாவுக்கு வந்தீங்களா?"

"எங்கங்க வர்றது? அன்னைக்கு என் பெரியவ பொறந்து மூணாவது நாள். பட்டம் தபால்ல வந்துச்சு."

அக்கா பதிவேட்டை மூடினார். "சார், இது பட்டம் வாங்கினவங்க புத்தகமே இல்ல. விழாவுக்கு வந்தவங்க புத்தகம். நாமளாத்தான் இத்தனை வருஷமா பட்டதாரிகள் பதிவேடுன்னு சொல்லிக்கிட்டிருக்கோம்."

விழாவுக்கு வராதவர்களின் கணக்கு தபால் பிரிவில் இருக்க வேண்டும். அங்கே தபால்களைக் கவனித்துக்கொள்ளும் தபால்காரர், பழைய பெட்டிகள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன, உள்ளே இருப்பது எலிகளுக்குத்தான் தெரியும் என்றார். செவ்வாயும் புதனும் அக்கா அங்கேயே உட்கார்ந்தார். பெட்டிகளை ஒழுங்குபடுத்தாமல் தேடுவது அவர் வழக்கம் இல்லை. முதல் நாள் முழுக்க வருட வாரியாக அடுக்கவே போயிற்று. தேடாமல் அடுக்கிக்கொண்டிருக்கிறாரே என்று தபால்காரருக்கே பொறுக்கவில்லை.

புதன் மத்தியானம், விழா முடிந்து ஒன்பதாம் நாளின் அனுப்புகைப் பக்கம் கிடைத்தது. ஒரே நாளில் முப்பத்தெட்டுப் பதிவுத் தபால்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சான்றிதழ் எண். நடுவில் ஒரு வரியில் டீச்சரின் பெயரும் அவருடைய அம்மா வீட்டு முகவரியும் இருந்தன. பெட்டியின் அடியில், நூலில் கோத்த ஒப்புகை அட்டைகள். அதில் ஒன்றில், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போட்ட மாதிரி கோணலாக அவரது கையெழுத்து.

கண்காணிப்பாளர் நேர்மையான மனிதர்தான். முப்பத்தெட்டையும் தானே சரிபார்த்தார். வியாழன் காலை கடிதம் எழுதி அக்காவிடம் நீட்டினார். மறுபரிசீலனையில் கூடுதல் விவரங்கள் தெரியவந்ததாக அதில் இருந்தது. அக்கா வாங்காமல் நின்றார்.

"என்னம்மா, இன்னும் என்ன?"

"தப்புன்னு எழுதுங்க சார். தப்பு நம்ம மேலன்னு எழுதினாத்தான் டீச்சர் மேல இல்லைன்னு ஆகும்."

"இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் அந்த வார்த்தைய எழுதினதே இல்ல."

"சின்ன வார்த்தைதான் சார். கை வலிக்காது."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருந்த தபால்காரர் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கண்காணிப்பாளர் தாளைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினார்: முன்பு அனுப்பிய பதில் தவறு, இவர் எங்கள் பட்டதாரி. இந்தத் தடவை தபாலை நம்பாமல் அக்காவே பேருந்து ஏறிக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பதிவறைத் தொலைபேசி மணி அடித்தது. பின்னால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் இரைச்சல். "அக்கா, நாற்காலியில உட்கார்ந்துதான் பேசுறேன்," என்றது டீச்சரின் குரல்.  அக்கா அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ரிசீவரை வைத்ததும், மிச்ச முப்பத்தேழு பேரில் யாரைப் பற்றியாவது எப்போதாவது விசாரணை வந்ததா என்று கடிதக் கோப்புகளை எடுத்தார். நாலு பேரைப் பற்றி, அப்படி யாரும் பதிவேட்டில் இல்லை என்று பதில் போயிருந்தது. கோப்புகளைக் கண்காணிப்பாளர் மேஜையில் வைத்தார்.  அவர் நாலு தாளை எடுத்து, நாலிலும் முதல் வரியில் அந்தச் சின்ன வார்த்தையை எழுதினார்.