கேபிள் ஒயரில் ஏறிய அவரைக்கொடி

எங்கள் மொட்டை மாடி அவரைக்கொடிக்கு டி.வி. பார்க்கும் ஆசை வந்துவிட்டது என்று அப்பா சொல்வார். எனக்கு அப்போது எட்டு வயது. அவர் சொன்னதில் தவறில்லை. பக்கத்திலேயே மூங்கில் குச்சி நட்டிருந்தும், அந்தக் கொடி தலைக்கு மேலே போன கேபிள் ஒயரைத் தேடிப் போய் ஏறியது. பாரம் தாங்காமல் ஒயர் தொங்கும், இணைப்பு தளரும், கீழே கதாநாயகியின் முகத்தில் புள்ளி மழை பெய்யும். அதுவும் சரியாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படத்தின்போது.

ஆஸ்டின் டவுன் வீட்டின் அந்த மாடித் தோட்டம் அத்தையுடையது. அப்பாவின் தங்கை. கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்வந்த நேரம் போக, பெயிண்ட் டப்பாக்களில் தக்காளியும் பாகலும் அவரையும் வளர்த்தாள். அப்பா ஹெப்பகோடிப் பக்கம் ஒரு காய்கறிப் பண்ணையில் வேன் ஓட்டினார். அங்கே குடைமிளகாய்ச் செடிகளைக் கட்டுவதற்கு ஒரு கைமிஷின் வைத்திருந்தார்கள். ஸ்பிரிங் போய்விட்டது என்று ஒன்றை ஒதுக்கிப் போட்டதும், அப்பா அதைக் கேட்டு வாங்கி வந்து, சரிசெய்து அத்தையிடம் கொடுத்தார்.

பெரிய ஸ்டேப்ளர் மாதிரி இருக்கும். லேசாக அழுத்தினால் வாய் பச்சை டேப்பின் நுனியைக் கவ்வும். பிடியைத் தளர்த்தினால் வாய் திறந்து டேப் குறுக்கே நீளும். அதைத் தண்டுக்கும் குச்சிக்கும் சேர்த்துக் கொடுத்து, பலமாக ஓர் அழுத்து. டக்! டேப் வளையமாகி, கம்பிப் பின் ஒன்று அதில் இறங்கி, தானே அறுபட்டு நிற்கும்.

எனக்கு அந்த ‘டக்’கின் மேல் பைத்தியம். தக்காளிச் செடிகளைக் கட்டி முடித்த கையோடு துடைப்பத்தையும் அப்பாவின் குடையையும் கட்டினேன். கடைசியில் மத்தியானத் தூக்கத்தில் இருந்த அம்மாவின் பின்னல் நுனியைக் கட்டில் கம்பியோடு கட்டினேன். அம்மா எழுந்தபோது தெருவே எழுந்தது. அன்றிலிருந்து மிஷினைத் தொட எனக்குத் தடை. அத்தை வேலைக்குப் போன பிறகு அந்தத் தடையை நான் பொருட்படுத்தியதில்லை.

படம் போனதும் அப்பா தெருமுனை பூத்துக்கு ஓடி கேபிள்காரருக்குப் போன் செய்வார். இருபத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும். அவர் ஏணியில் ஏற, அத்தை கீழே பிடித்துக்கொள்வாள். “ஸ்வல்ப கெட்டியா புடிங்க மேடம்” என்பார். ஆறு படி ஏணிக்கு அவ்வளவு பிடி எதற்கு என்று எனக்கு விளங்கியதில்லை. ஐந்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனதும் விளங்கியதில்லை. படத்தில் வில்லன் செத்த பிறகுதான் எங்களுக்குப் படம் தெரியும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காய் பறிக்கத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினேன். அங்கிருந்து ஒயர் நன்றாகத் தெரிந்தது. கொடி தானாக ஏறவில்லை. ஐந்து இடங்களில் பச்சை டேப் போட்டு அதை ஒயரோடு கட்டியிருந்தது. பாவம், அத்தை அவசரத்தில் இடம் மாற்றிக் கட்டிவிட்டாள் என்று நினைத்தேன். கத்தரிக்கோலால் டேப்புகளை வெட்டி, கொடியை இறக்கி, மூங்கிலோடு அழகாகக் கட்டினேன்.

மறுநாள் படம் துடைத்துவிட்டதுபோல் தெரிந்தது. அப்பா காலை நீட்டி உட்கார்ந்து ரசித்தார். அத்தை நான்கு முறை மாடிக்குப் போய்வந்தாள். ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் எட்டு இடங்களில் கட்டு. மறுபடியும் அவிழ்த்துவிட்டேன். மூன்றாவது சனிக்கிழமை பள்ளித் தோழியின் பிறந்தநாளுக்குப் போய்விட்டதால் அவிழ்க்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை புள்ளிகூட வரவில்லை. திரை ஒரேயடியாக இருண்டது. பொறுமை இழந்த அப்பா, கேபிள்காரருக்குப் பின்னாலேயே தானும் மாடியேறினார். ஒயரில் வரிசையாகப் பதினைந்து பச்சை வளையங்கள். அப்பாவின் பார்வை நேராக என்மேல் திரும்பியது.

“யாருடி கட்டினது?”

“நான் இல்லப்பா. நான் அவுத்துதான் விட்டேன்.”

அம்மாவின் பின்னலைக் கட்டிப்போட்டவள் சொல்வதை யார் நம்புவார்கள்? அப்பா என் காதைப் பிடித்தார். துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். அத்தை ஏணியைப் பிடித்தபடி வாயைத் திறந்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

ஏணி மேலிருந்து கேபிள்காரர்தான் பேசினார். “பாப்பாவ விடுங்கண்ணா. நான்தான் கட்டினேன்.”

“நீயா? எதுக்குப்பா?”

“காத்துல ஒயர் ஆடுதுல்ல... சும்னே ஒரு சப்போர்ட்டுக்கு.”

“நீயே கட்டிட்டு, வாரா வாரம் நீயே அவுக்க வர்றியா?”

கேபிள்காரர் வேறு வழி தெரியாமல், “ஆமாண்ணா” என்றார்.

அம்மா ஈரப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், ஏணியைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். என் காதை விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

இரண்டு வாரம் கழித்து, டி.வி. நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே கேபிள்காரர் வந்தார். தன் அம்மாவுடன், தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு, புதுச் சட்டையில். அத்தையை அவருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று அம்மா சொன்னாள். எனக்குப் பகீரென்றது. இந்த வீட்டில் அவரைப் பற்றிய உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். பட்டுப்புடவையில் சமையலறையில் நின்றிருந்த அத்தையை இழுத்து, அவள் காதில் சொன்னேன்.

“அத்தை, அவர் பொய் சொல்றவர். அன்னிக்குக் கட்டினது அவரே இல்ல, நீதான். எனக்குத் தெரியும்.”

அத்தை என் வாயைப் பொத்தினாள். கண்ணில் நீர் வரும்வரை சத்தமில்லாமல் சிரித்தாள். “கத்தாதடீ கண்ணு. அவரு அந்தப் பொய்யச் சொன்னாரு பாரு, அதுக்குத்தான் நான் சரின்னு சொன்னேன்” என்று என் கையில் ஒரு லட்டைத் திணித்தாள்.

பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னால் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். இங்கே பொய் சொன்னவருக்கு அத்தையையே கொடுக்கிறார்கள், உண்மையைச் சொன்னவளுக்கு ஒரு லட்டு. இது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. லட்டைத் தின்றுகொண்டே, இதை எல்லார் முன்னாலும் அப்பாவிடம் கேட்டுவிடுவது என்று கூடத்துக்குப் போனேன்.