காந்தலூர் மேட்டில் ஒரு ‘வேண்டாங்க’

மலைப்பாதையில் ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்க வேண்டும், தெரியுமா உங்களுக்கு? இறங்குகிற வண்டிதான். ஏறுகிற வண்டியை மேட்டில் நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. அன்றைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவருக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் ரிவர்ஸ் எடுத்தார்.

அவர் என் அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர். உடுமலைப்பேட்டையில் தென்னை நார் மில் வைத்திருக்கிறார். எங்கள் வீடு அவிநாசியில், அக்காவுக்கு வேலை பெங்களூரில். ஜாதகம் பொருந்திவிட்டது, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தலையாட்டியாகிவிட்டது. அக்கா வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. திங்கட்கிழமை காலையில் சொல்லிவிடுகிறேன் என்றிருந்தாள். சனிக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் புலம்பினாள்.

“எதைக் கேட்டாலும் சரிங்கறாருடா. வேலைய விடமாட்டேன்னேன், சரிங்கன்னாரு. விட்டுப்போடட்டுங்களான்னேன், அதுக்கும் சரிங்கன்னாரு. நாளைக்கு அவங்கம்மா ஒண்ணு சொன்னாலும் சரிங்கதான? யாருகிட்டயாவது வேண்டாம்னு சொல்வாரான்னு பாத்துட்டு வா.”

அவரிடம் ஒரு பழைய ஜீப் உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் அதை மலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். நானும் வரட்டுங்களா என்று போனில் கேட்டேன். என்ன சொல்லியிருப்பார் என்று எழுதத் தேவையில்லை.

கூப்பிடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. அண்ணா என்றால் அக்காவுக்கும் அண்ணனாகிவிடுவார், கதை முடிந்தது. மச்சான் என்றால் நானே கல்யாணத்தை முடிவு செய்த மாதிரி ஆகிவிடும். ஆகவே நாள் முழுக்க ‘ஏனுங்க’ என்றே ஓட்டினேன். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டார், ஆனால் வாங்க போங்க என்றுதான் பேசினார். எனக்குக் காலேஜ் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அமராவதி டேமுக்குப் போகிற ரோடு பிரிகிற இடம் தாண்டும்போதே சோதனையை ஆரம்பித்துவிட்டேன். பாட்டை மாற்றட்டுங்களா என்றேன், சரி என்றார். நிறுத்திவிடட்டுங்களா என்றேன், அதற்கும் சரி. கேரள எல்லைச் செக்போஸ்டில் யாரோ ஒருவர் மறையூர் வரைக்கும் ஏற்றிக்கொள்ளச் சொன்னார், ஏற்றிக்கொண்டோம். காந்தலூரில் மலைப்பூண்டு விற்ற அம்மா ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டார். அவர் வீட்டில் ஏற்கெனவே பூண்டு இருக்கிறது என்று அவரே பிறகு சொன்னார். ஆள் ஃபெயில் என்று மனசுக்குள் மார்க் போட்டுவிட்டேன்.

காந்தலூருக்கு மேலே தார் ரோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பாதை என்று சொல்வதெல்லாம் மரியாதைக்குத்தான். பாறை, அதற்கு நடுவில் மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம், மறுபடி பாறை. நான்கு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டு, நடக்கிற வேகத்தில் ஏற்றினார். வலது பக்கம் மண் சுவர், இடது பக்கம், அதாவது என் பக்கம், ஒன்றுமே கிடையாது. கீழே படிப்படியாகக் கேரட் வயல்கள் தெரிந்தன, பிறகு மஞ்சு வந்து அதையும் மூடிவிட்டது. என் தலை கம்பியில் இரண்டு தடவை இடித்தது. ரசிக்கிற நிலைமையில் நான் இல்லை. அவரும் ரசித்த மாதிரி தெரியவில்லை. ஒவ்வொரு கல்லாகப் பார்த்துச் சக்கரத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

ஒரு வளைவில் மேலேயிருந்து வெள்ளை பொலிரோ இறங்கியது. சோமனூரிலிருந்து வந்த குடும்பம் என்று பிறகு தெரிந்தது. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், தறிப்பட்டறைக்காரர், அவர் மனைவி, மகன், மருமகள். பெரியவர் தலையை வெளியே நீட்டி நீங்க வாங்க என்று கை காட்டினார். இவர் நீங்க வாங்க என்று கை காட்டினார். அவர்கள் பின்னால் ஏறினார்கள், நாங்கள் பின்னால் இறங்கினோம். இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு லாரி போகிற அளவுக்கு இடம் கிடைத்தது. உடனே இரண்டு பேரும் அடுத்தவர் மனசு கஷ்டப்படக் கூடாது என்று ஒரே நேரத்தில் முன்னால் வந்தார்கள். மறுபடி கை காட்டல், மறுபடி ரிவர்ஸ். உலகத்தில் வேறு எங்கேயாவது இரண்டு டிரைவர்கள் இதற்காக மல்லுக்கட்டுவார்களா என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது ரிவர்ஸில் ஓர மண் சரிந்தது. என் பக்கத்துப் பின் சக்கரம் பாதையை விட்டு வெளியே போய்த் தொங்கியது. எதிர் மூலையில் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. இன்ஜினை அணைத்துவிட்டு, தம்பி இந்தப் பக்கமா வாங்க என்று மெதுவாகச் சொன்னார். அவருக்குப் பின்னாலேயே வலது பக்கமாக ஊர்ந்து இறங்கினேன்.

பொலிரோக்காரர்கள் ஓடி வந்தார்கள். தரையில் இருந்த சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தார்கள். அடுத்து வண்டியை எடுப்பார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். எந்த ஊருங்க, அங்க யாரு வீடுங்க என்று விசாரணை நடந்தது. பெரியவர் தறிக்கு நூல் எடுக்கிற கடையும், எங்கள் பெரியப்பா எடுக்கிற கடையும் ஒன்று என்பது வரைக்கும் வந்துவிட்டார்கள். அந்த அம்மா, பசியோட வண்டியத் தொடாதீங்க, மொதல்ல சாப்புடுங்க என்று பாக்குமட்டைத் தட்டில் தக்காளி சாதத்தை வைத்துவிட்டார். இவர் சரிங்க என்றார். ஜீப் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்க, நாங்கள் உருளைக்கிழங்கு வறுவல் இன்னொரு கை வாங்கிச் சாப்பிட்டோம்.

கை கழுவியதும் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டினார். நாங்கள் எல்லோரும் பின்னால் நின்று தள்ளுகிறோம், நீங்கள் வண்டியை எடுங்கள் என்றார். பின்னால் என்றால் இறக்கம். வண்டி நழுவினால் தள்ளுகிறவர்கள் மேலேதான் வரும். மகனும் சட்டைக் கையை மடக்கத் தொடங்கிவிட்டான். இதற்கும் அவர் சரிங்க என்று சொல்லப்போகிறார், நான் அக்காவிடம் சொல்வதற்கு முன்னால் போலீஸிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

“வேண்டாங்க” என்றார்.

பெரியவர் சிரித்தார். “அட, கூச்சப்படாதீங்க கண்ணு. ஒரு தம் புடிச்சா ஏறிக்கும்.”

“இல்லீங்க. பின்னாடி ஒருத்தரும் வரக்கூடாதுங்க. வந்தீங்கன்னா நா வண்டிய எடுக்கமாட்டேன்.”

“வயசுல மூத்தவன் சொல்றேன்.”

“அதுக்குத்தானுங்க வேண்டாங்கறேன்.”

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. சோறு போட்ட அம்மா பாத்திரத்தை மூடி வண்டிக்குள் வைத்துவிட்டார். நான் சூழ்நிலையைச் சரிசெய்வதாக நினைத்து, பானெட் மேல் உட்கார்ந்தால் முன்னால் எடை கிடைக்கும், நான் உட்காருகிறேன் என்றேன். இவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “நீங்களும் வேண்டாங்க. மேல போய் அவங்களோட நில்லுங்க.”

பின் சீட்டுக்கு அடியிலிருந்து அவர் மில்லில் முறுக்கிய நார் கயிற்றை எடுத்து வந்தார். என் கை தடிமன் இருந்தது. இரண்டு வண்டியின் முன்பக்கத்தையும் அதால் சேர்த்துக் கட்டினார். பொலிரோவை மகன் பின்னால் ஏற்றி இழுக்க, இவர் மட்டும் ஜீப்பில் உட்கார்ந்து முதல் கியரில் பிடித்தார். சக்கரம் ஒரு முறை சுற்றி மண்ணை அள்ளிக் கீழே வீசியது. நாங்கள் தள்ள நின்றிருக்க வேண்டிய இடம் அது. பிறகு ஜீப் ஏறிவிட்டது. அவர் இறங்கி வந்து பெரியவரைக் கும்பிட்டு, தப்பா நெனச்சுக்காதீங்க என்றார். பெரியவர், அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க என்றார், ஆனால் சரியாக முகம் கொடுக்கவில்லை. இறங்குகிற வண்டி சுவரோரமாக ஒதுங்கி நின்றது. ஏறுகிற வண்டி ஏறிப் போனது.

மறையூரில் டவர் கிடைத்ததும் டீக்கடைக்குப் பின்னால் போய் அக்காவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

“பெரியவருகிட்டயேவா சொன்னாரு?”

“ஆமாக்கா. சோத்தத் தின்னுபோட்டு, கையக் கழுவிட்டுச் சொன்னாரு மச்சான்.”

“மச்சானா?” என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வீட்டுக்குச் சொல்வதற்கு முன்னால் அவள் அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். மில்லை விட்டுவிட்டு பெங்களூருக்கே வந்துவிடுவீர்களா என்று கேட்டாளாம். “அது முடியாதுங்க” என்றாராம். வேறு ஏதாவது வழி பார்க்கலாம் என்றும் சொன்னாராம். அவள் போனை வைத்துவிட்டு அம்மாவிடம் சம்மதம் என்றாள்.

இப்போது அவர்கள் ஒசூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அக்கா அங்கிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள், அவர் வாரத்தில் பாதி நாள் உடுமலைப்பேட்டை மில்லில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போக நேரமில்லை என்று அவர் விட்டுப்போன ஜீப் எங்கள் வீட்டு முன்னால் நிற்கிறது, பேட்டரி இறங்கிவிட்டது.