ஐயர் நாள் சொல்ல முதல்

பதினொன்று. இந்த எண்ணை மறக்க வேண்டாம். ஒஸ்லோ முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபின் ஞானமலர் கடத்திய கோடைகள் அத்தனை. ஒன்றில்கூட அவள் குடும்பம் ஒரே வாரத்தில் லீவில் இருந்ததில்லை.

இதில் முதலாளியைத் திட்ட வழியில்லை. கோடையில் மூன்று வாரம் சட்டமே கொடுக்கிறது. தடுத்தது சொந்தபந்தம். வருடாவருடம் யாருக்காவது கலியாணம், அல்லது பெரியபிள்ளையான பெண்ணுக்குத் தண்ணீர் வார்க்கும் சாமத்தியவீடு. ஐயர் நாள் குறிக்க மே மாதம் ஆகும். அதுவரை யாரும் லீவு எழுதுவதில்லை. வேலையிடத்திலோ மார்ச் கடைசியில் லீவுப் பட்டியலை மூடிவிடுவார்கள். நோர்வேக்காரர் தை மாதமே ஜூலை வாரங்களைப் பிடித்துவிடுவார்கள். ஞானமலருக்கு மிஞ்சுவது செப்ரெம்பர் மழை.

2006, மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை. பட்டியலுக்கு மூன்று மணிவரைதான் நேரம். இரண்டு பிள்ளைகளில் மூத்தவள் ஆரபி ஓகஸ்டில் படிக்க துரொண்ட்ஹைம் போகிறாள். இனி அவள் வீட்டுக்கு விருந்தாளி. பஸ் ஓட்டும் கணவன் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு வருடத்தின் இருபத்தொன்பதாம் வாரம், ஜூலை நடுவில், லீவு கிடைத்திருந்தது. தெற்குக் கடற்கரை விடுமுறைப் பூங்காவில் அந்த வாரத்துக்கு ஒரேயொரு மரவீடு மிச்சம். அதையும் மூன்று மணிவரைதான் வைத்திருப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு இருபதுக்கு, வேலையிடத்தில் ஞானமலரின் கைத்தொலைபேசி அடித்தது. கணவனின் அக்கா யோகராணி. ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் ஒன்றரை வருடம் அவள் வீட்டில்தான் இவர்கள் இருந்தார்கள்.

"மலர், லீவு கீவு எழுதிப்போடாதை. என்ர பிள்ளையின்ர சாமத்தியவீடு ஜூலையில வரும்."

"எத்தினையாம் திகதி மச்சாள்?"

"ஐயர் இன்னும் சொல்லேல்லை."

"இண்டைக்கு எழுதாட்டி எனக்கு ஜூலையே இல்லை."

"தாய்மாமனும் மாமியும் இல்லாமல் தண்ணி வாக்கிறதோ? நீங்கள் அங்கை மீன் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. இஞ்சை சபையில நான் என்ன சொல்ல?"

தாய்மாமன் சடங்கு விளையாட்டில்லை. அவர்கள் வராவிட்டால் ஊர் முழுக்கக் கதைக்கும், மச்சாள் சாகும்வரை கதைப்பாள்.

"மச்சாள், ஐயர் சொல்லுற நாளில மண்டபம் இல்லாட்டி?"

"வேறை நாள் கேப்பம்."

"தருவாரோ?"

"ஓம், தருவார்தானே."

"அப்ப அந்த ஒரு வாரம் தாய்மாமனும் இல்லையெண்டு சொல்லிக் கேளுங்கோ. மண்டபத்துக்காக நாளை மாத்திறவர் எங்களுக்காகவும் மாத்தட்டும்."



"ஆர் உனக்கு இதெல்லாம் சொல்லித் தாறது? நான் தம்பியோட கதைக்கிறன்."

"அவர் பஸ் ஓடுறார். மூண்டு மணிக்குப் பிறகுதான் எடுப்பார்."

தொடர்பு அறுந்தது. ஒன்றரை வருடம் அவள் வீட்டில் தின்ற சோறு நினைவுக்கு வந்தது. பட்டியலில் அவள் பெயருக்கு நேரே கட்டம் வெறுமையாக இருந்தது. பென்சிலை எடுத்தாள், திரும்ப வைத்தாள். பொறுப்பாளர் கதவருகே வந்து மணிக்கூட்டைப் பார்த்தார்.

பேனையால் இருபத்தொன்பது என்று எழுதினாள்.

பூங்காவுக்கு அடித்தாள். பிஸி. திரும்பவும் பிஸி. இரண்டு ஐம்பத்தேழுக்கு ஒரு பெண் எடுத்தாள். வீடு இன்னும் இருக்கிறது, ஆறு பேர் படுக்கலாம், எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டாள்.

எங்கே போனாலும் யோகராணி வீட்டாரையும் சேர்த்து எண்ணிப் பழகிய வாய் கொஞ்சம் தயங்கியது.

"நாலு."