லிஃப்டுக்குப் பதினோரு வீடு

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வந்த என் மனைவியை மூன்றாம் மாடியில் இறக்கிவிட்ட மறுவாரம், எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டின் லிஃப்ட் நின்றது. இரண்டு மாதமாக அவள் கீழே இறங்கவில்லை. புது லிஃப்ட் போடப் பதினாறு வீட்டில் பதினோரு வீட்டார் கூட்டத்துக்கு வந்து கை தூக்க வேண்டும். சங்கச் செயலாளர் நான். வேறு யாரும் முன்வராததால் ஒருமனதாகத் தேர்வானவன்.

வாட்ஸாப்பில் ஆங்கிலத்தில் அழைத்தேன். தண்ணீர் லாரி வந்தால்தான் எங்கள் குரூப்பில் தமிழ். 'அம்ப்டீன்' தடவை, அதாவது எண்ணிலடங்காத தடவை, நினைவூட்டியதாக எழுதினேன். உண்மையில் இரண்டு தடவை.

பதில்கள் குவிந்தன. 'டன்ஸ் ஆஃப் தேங்க்ஸ்.' 'லோட்ஸ் ஆஃப் சப்போர்ட், சார்.' முதல் மாடிக்காரர் 'எ மில்லியன் தேங்க்ஸ்' என்றார். படியில் என்னைக் கண்டால் தன் செருப்பை ஆராய்கிறவர். நான் எல்லாவற்றையும் தலைகளாகக் கூட்டிக்கொண்டேன். நிறைய ஆங்கிலம் படித்தவன் செய்கிற தப்பு.

"எத்தினி சேர் போடணும் சார்?" என்றார் வாட்ச்மேன்.

"ப்ளென்டி."

"அது எத்தினி சார்?"

"பதினாறு."

ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம். பத்தரைக்கு மூன்று பேர், அதில் ஒருவர் பேப்பர் எடுக்க வந்தவர்.

"மீதிய அடுக்கி வெச்சிடவா சார்?"

நான் மாடியேறிக் கதவு தட்டினேன். "ஹீப்ஸ் ஆஃப் ஒர்க், சார்" என்றார் ஒருவர், கையில் தோசைக் கரண்டி. மனைவி போனில் கூப்பிட்டாள்.

"எத்தனை பேர் வந்திருக்கா?"

"நல்ல ரெஸ்பான்ஸ்."

"எத்தனைன்னு கேட்டேன்."

"மூணு."

போனை வைத்துவிட்டு அவளே கைத்தடியோடு புறப்பட்டாள். நான் தடுத்ததை அவள் கவனிக்கவில்லை. ஒவ்வொரு மாடியிலும் காலிங் பெல்லை அடித்தாள். "லிஃப்டுக்குக் கை தூக்கக் கீழே போறேன். இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிச்சுக்கறேளா?" பிடித்தவரால் பாதிப் படியில் விட முடியவில்லை. தோசைக்காரர் கரண்டியோடு வந்தார். மில்லியன்காரர் கடைசி வளைவில் கைத்தடியை வாங்கிக்கொண்டார்.

நாற்பது நிமிஷத்தில் கீழே சேர்ந்தோம். அவளோடு இறங்கியவர்கள் ஏழு வீடு, காத்திருந்தவர்கள் மூன்று, எங்கள் வீடு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது. லிஃப்ட் வர மூன்று மாதமாகும்.

அவளை மறுபடி மேலே ஏற்ற வேண்டுமே? பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டாள்:

"எத்தனை பேர் பிடிச்சிண்டிருக்கேள்?"

"நாலு பேர்மா" என்றார் வாட்ச்மேன்.

"சரி, போங்கோ."