இரண்டாவது ஒயில் கேன்

பழைய டீசல் காருக்கு நானே சர்விஸ் செய்வதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் பழைய ஒயிலை வடித்து, பில்டரை மாற்றி, புது ஒயிலை ஊற்றினேன். அளவு பார்க்கும் கம்பியை இழுத்தால் நுனி மட்டும்தான் நனைந்திருந்தது. இன்னும் ஊற்றினேன். அப்போதும் போதவில்லை. கேனில் குறைத்து அடைத்துவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே இன்னொரு கேனையும் திறந்து, கம்பியின் மேல்கோட்டைத் தொடும்வரை ஊற்றினேன்.

பிறகு மனைவியை ஏற்றிக்கொண்டு லுணுகலை டவுனுக்குக் கிளம்பினேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வருவதற்குள் பின்னால் நீலப் புகை. தோட்டத்திலேயே சமதரையான இடம் அது ஒன்றுதான். அங்கே நிறுத்தி, என்ஜின் ஆறியதும் கம்பியை இழுத்தேன். கோட்டுக்கு மேலே இரண்டு விரல் ஏறி நின்றது ஒயில்.

"இங்க எப்படிக் கூடிச்சு?" என்றேன்.

மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நம்ம வாசல்ல ஒரு வாளித் தண்ணிகூட நேரா நிக்காது. ஒயில் மட்டும் நிக்குமா?"

"வாசல் அவ்வளவு சரிவா என்ன?"

"கார் உருண்டுறக் கூடாதுன்னு காலையில டயருக்குக் கல்லு வச்சது யாருங்க?"