ஆறு பேர், ஒரு கட்டில் அளவு நிலம்

அன்று காலையில் என் வாசலில் நின்றவர்கள்: எனக்கு ரூம் வாடகைக்கு விட்ட ஹஸிந்தா. அவள் தம்பி ஃபெர்மின். பக்கத்து வீட்டு எவுசேபியோ. ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கும் நிகானோர். ஆடு வளர்க்கும் பவுலினா. புருஷன் இல்லாத கிரிகோரியா. ஆறு பேர் கையிலும் மண்வெட்டியோ கால் கலப்பையோ இருந்தது. கால் கலப்பை என்பது ஆள் உயரக் கழி, அடியில் இரும்புப் பட்டை. மாடு இல்லாமல் காலால் மிதித்தே உழுவார்கள். ஞாயிற்றுக்கிழமை, வெயில் அப்போதுதான் வந்திருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்ன வேண்டும் என்று கேட்டேன். வேலை செய்ய வந்திருக்கிறோம், நிலத்தைக் காட்டு என்றார்கள்.

எனக்கு இங்கே ஏது நிலம்? வாடகைக்கு ஒரு ரூம். அதற்குள் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு பெட்டி. அவ்வளவுதான்.

நான் வெல்டர். ஊர் கிள்ளை. எட்டாவதோடு நிறுத்திவிட்டு கடலூரில் ஒரு பட்டறையில் தொழில் கற்றேன். 2008இல் பெரு நாட்டு மலையில் தண்ணீர் பைப் போடும் வேலைக்கு ஐந்து பேராக வந்தோம். வேலை முடிந்ததும் நாலு பேர் திரும்பிப் போனார்கள். பைப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று கம்பெனி என்னை மட்டும் நிறுத்திவைத்தது. சுற்றி இருப்பவர்கள் கெச்சுவா பேசுகிறவர்கள். இன்கா ராஜாக்கள் பேசியதும் அந்தப் பாஷைதான். என்னோடு ஸ்பானிஷில் பேசுவார்கள். இரண்டு பக்கமும் அரைகுறைதான். தமிழ் பேச வாரத்துக்கு ஒரு போன். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் சும்மாதான் கிடப்பேன்.

2009 மே மாதம் ரோடு அடைபட்டுப் பைப் வேலை நின்றுபோனது. உருளைக்கிழங்கு அறுவடை நடந்துகொண்டிருந்தது. ரூமில் உட்கார முடியாமல் நானே போய் இறங்கினேன். இந்த ஆறு பேர் வயலிலும் ஆளுக்கு ஒரு நாள் கிழங்கு வெட்டினேன். மத்தியானம் எல்லோரும் மண்ணிலேயே உட்கார்ந்து அவித்த கிழங்கைத் தோல் உரித்துத் தின்போம். சோளச்சாறு ஒரே கோப்பையில் சுற்றி வரும். முதல் மிடறை மண்ணுக்கு ஊற்றுவார்கள். என் முறை வந்தபோது நானும் ஊற்றினேன். நான் இழுத்து இழுத்து மூச்சு வாங்குவதைப் பார்த்து, இந்த ஆளை வெட்டச் சொன்னால் கிழங்கு முளைத்துவிடும் என்று ஃபெர்மின் கிண்டல் செய்தான். இங்கே வந்து நான் நன்றாகத் தூங்கியது அந்த ஆறு நாள்தான்.

அதற்குப் பதில் செய்யத்தான் விதைப்பு நேரம் பார்த்து வந்து நின்றிருக்கிறார்கள். இதற்கு ஐனி என்று பேர். நீ எனக்கு ஒரு நாள், நான் உனக்கு ஒரு நாள். எனக்கு அப்போது தெரியாது. கையைக் கூப்பி, ஒன்றும் வேண்டாம், பரவாயில்லை, போய் வாருங்கள் என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

போனில் என் மனைவி செல்வியிடம் சொன்னேன். சிரித்தாள்.

"ஆறு பேரு மம்முட்டியோட வந்து நின்னாங்களா? அவுங்கள இங்க அனுப்பி வையுங்க. தளம் போட ஆளே கெடைக்கல."

கிள்ளையில் எங்கள் வீடு அப்போது சுவரோடு நின்றிருந்தது.

அதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. வழியில் பார்த்தால் தலையை ஆட்டுவார்கள். ஒருவன் வீட்டுக் கூரைக்கு ஊரே புல் ஏற்றியது. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மே வந்தது. ஃபெர்மின் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து நானும் ஸ்வெட்டரை மாட்டினேன். அவன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனான். என்ன தப்பு செய்தேன் என்று ஹஸிந்தாவிடம் கேட்டேன். அவள் ஸ்பானிஷில் சொன்னதை நம் பேச்சில் எழுதினால் இப்படி வரும்:

"உங்கிட்ட வாங்கிக்கிட்டே இருக்க அவன் என்ன பிச்சக்காரனா? திருப்பிக் குடுக்க வந்தா நீ வேணான்ற. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன்னக் கூப்புடுவான்?"

ரூமுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். இது எனக்குத் தெரியாத விஷயமா? 2004இல் என் தங்கை கல்யாணம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் தாய்மாமாவோடு அப்போது வரப்புத் தகராறு. ஆனாலும் மாமா வந்து மொய்க் கவரை நீட்டினார். உங்க மொய் எங்களுக்கு வேணாம் மாமா என்று எல்லோர் முன்னாலும் கவரை அவர் கையில் திருப்பி வைத்தேன். கவரைப் பிடித்தபடி மண்டப வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். சாப்பிடாமல் பஸ் ஏறினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. நான் பெருவுக்குக் கிளம்பும்போதும் வரவில்லை. நானும் போய்ச் சொல்லிக்கொள்ளவில்லை. அங்கே வேண்டும் என்றே செய்தேன், இங்கே தெரியாமல் செய்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் முடிந்தது.

ஆகஸ்டு வந்ததும் ஹஸிந்தாவிடம் கேட்டேன், எனக்கு ஒரு துண்டு நிலம் கொடு என்று. எவ்வளவு என்றாள். என் கட்டிலைக் காட்டினேன். ஆட்டுப்பட்டி ஓரத்தில் அந்த அளவுக்கு ஒரு மூலையைக் காலால் கோடு போட்டுக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் ஆறு வீட்டுக்கும் நானே போய்க் கூப்பிட்டேன். ஞாயிறு காலையில் ஆறு பேரும் வந்தார்கள். நிலத்தைப் பார்த்துவிட்டு ஃபெர்மின், இதில் நாங்கள் ஆறு பேரும் நிற்கவே இடம் இல்லையே என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வருடம் கழித்து என்னை வைத்துச் சிரித்தார்கள்.

அரை மணி நேரத்தில் உழுது, விதைத்து, மூடியாகிவிட்டது. கிளம்புவார்கள் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. நான் கொடுத்தது ஒரு நாள், அரை மணி நேரம் அதற்கு ஈடாகாது என்றார்கள். கல் பொறுக்கிவந்து என் துண்டைச் சுற்றிச் சுவர் வைத்தார்கள். சிமெண்டு கிடையாது. ஒரு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது பொருந்தும் இடம் கிடைத்த பிறகுதான் வைப்பார்கள். இந்த மலையில் இன்கா காலத்துப் படிக்கட்டு வயல்கள் இன்னும் விளைகின்றன. வெள்ளைக்காரர்கள் வந்து போட்டோ எடுப்பார்கள். அதில் ஒன்று ஃபெர்மினுக்கு அவன் அப்பா விட்டுப்போன வயல், அவ்வளவுதான். அங்கே சரிந்த சுவரை எப்படி வைப்பானோ அப்படியேதான் என் கட்டில் அளவு நிலத்துக்கும் வைத்தான். பொழுது சாயும் வரை வேலை நடந்தது. கோப்பை சுற்றி வந்தது.

இது நடந்து ஏழு மாதம். இப்போது மார்ச், 2011. பைப்பை இந்த ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று கம்பெனி லெட்டர் கொடுத்துவிட்டது. வியாழக்கிழமை பிளைட். சுவருக்குள் செடி நிற்கிறது. கிழங்கு வெட்ட மே ஆகும்.

நேற்று செல்வி தம்பி போன் செய்தான்.

"தளம் போட்டாச்சு மாமா. மிஷின் வச்சி, நாப்பது ஆளு, ஒரே நாளு. சாயங்காலமே கூலி குடுத்து அனுப்பிட்டோம். யாருக்கும் ஒண்ணும் பாக்கி இல்ல."

நல்ல சேதிதான். நல்லது மச்சான் என்றேன். தாய்மாமா வந்தாரா என்று கேட்டேன். அவுங்கள யாரு கூப்புட்டா என்றான்.

சாயங்காலம் ஹஸிந்தாவிடம், கிழங்கை நீயே வெட்டி எடுத்துக்கொள், ஒரு ஆள் போதும், பத்து நிமிஷ வேலை என்று சொன்னேன். அவள் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு பேரும் வருவோம். ஆளுக்கு ஒரு நாள்."

இத்தனூண்டு கிழங்குக்கு ஆறு நாளா என்றேன். பனியில் போட்டு, மிதித்து, காயவைத்து உனக்காக எடுத்து வைப்பேன், பத்து வருடம் ஆனாலும் கெடாது என்றாள். எனக்கு நம் கருவாடு நினைவு வந்தது. இந்த முறை வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெட்டி கட்டிவிட்டேன். கிள்ளையில் நான் யாருக்கும் ஒன்றும் தரவேண்டியதில்லை. இங்கே தரவேண்டியது, ஆறு நாள்.